மூணிலேயே வை

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள்.
ராதாபுரத்திலிருந்து பணகுடிக்கு
மேற்கே பார்த்துப் போகிற பாதை.
எதிரே காற்று,
லாரி லாரியாக ஏற்றி வந்து
நெஞ்சில் கொட்டுகிறார்கள்.

கம்பெனி வண்டி இது.
கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே
பொடி ஓட்டை போட்ட ஒரு வாஷர்.
பத்தொன்பது வண்டிக்கும் ஒரே நாளில் மாட்டினார்கள்,
காவல்கிணறு விலக்கில் ஜோயல்
எண்பத்தெட்டில் போய் விழுந்த மறுவாரம்.
நானும்தான் கையெழுத்துப் போட்டேன்:
வாஷரைக் கழற்ற மாட்டேன்,
இப்படிக்கு, சு. வெள்ளத்தாய், டெக்னீசியன்.

முதல் மாதம் பிடிபடவில்லை.
பழைய பழக்கத்தில்
ஒவ்வொரு கியரையும் கதறக் கதற இழுத்துவிட்டுத்தான்
அடுத்ததை மிதிப்பேன்.
கதறல் வந்தது.
ஓட்டம் வரவில்லை.
எரிச்சலில் ஒருநாள் சீக்கிரமே மாற்றினேன்;
அட, போனது.

ஆர்.பி.எம். முள் எல்லாம் இந்த வண்டிக்குக் கிடையாது.
முழங்காலை டேங்கில் ஒட்டிவைத்தால் தெரியும்.
முதலில் ஒரு கரகரப்பு,
கிரைண்டரில் உளுந்து விழுந்த புதிதில் இருக்குமே, அது.
பிறகு மாவு கூடி வந்த வழவழப்பு.
அது தீருவதற்குள் மாற்றிவிட வேண்டும்.
தீர்ந்தபின் வருவது வெறும் நடுக்கம்.
அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும்
வாஷர் ஓட்டை முன்னால் வரிசைதான்,
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற மாதிரி.

ஒன்று, வண்டி உருளுவதற்கு மட்டும்.
இருபதைத் தொடுமுன் ரெண்டை விட்டுவிடு.
மூணு முப்பத்தஞ்சு வரைக்கும் இனிக்கும்.
நாலு,
நாலைப் பற்றி ஆடியில் பேசக் கூடாது.
போட்டால் காற்று ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தும்.
மறுபடி மூணு, மறுபடி நாலு,
பெருங்குடி தாண்டுவதற்குள் பெருவிரல் செத்துப்போகும்.
மூணிலேயே வை.
பள்ளிக்கூட பஸ் முந்தினால் முந்தட்டும்.
பின்கண்ணாடியில் ஒட்டிய ஏழெட்டு மூக்குகளுக்கு
ஒரு கையசைப்பு கொடு.

பாலம் ஏறுமுன் ஒரு மொட்டைப் பனை நிற்கிறது.
அங்கேயே ரெண்டுக்கு இறங்கிவிடணும்.
பாலத்தின் நடுவில் நினைத்துக்கொண்டால்
தள்ளிக்கொண்டு போகலாம்.

“இருநூறு ரூவா குடுங்க எக்கா,
உருவிப் போட்டுருதேன், எவனுக்குத் தெரியப் போவுது”
என்றான் ஏர்வாடி பீர்முகம்மது.
ஒரு டீ முழுக்க யோசித்தேன்.
டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

பதினேழாம் நம்பர் காற்றாடிக்குக் கீழே
ஸ்டாண்டு போடுகிறேன், போன்.
ஜோயல்.
முட்டியில் கம்பி வைத்தபின்
கண்ட்ரோல் ரூமில் அவனுக்கு ஒரு நாற்காலி.
“வெள்ளத்தாயி, லைனு தாங்கலையாம்.
பன்னெண்டுலருந்து இருவது வரைக்கும் நிறுத்தச் சொல்லுதாவ.”
“இந்தக் காத்துலயா?”
“இந்தக் காத்துலதான்.”

பழைய மிஷின், கையால்தான் நிறுத்தணும்.
கதவைத் திறந்து பட்டனை அமுக்கினேன்.
மேலே இறக்கையின் முனைகள் திரும்பிக்கொண்டன.
உய்ங் என்றிருந்தது
உஸ் என்றானது,
ஒவ்வொரு சுற்றாக எண்ணும்படி ஆனது.
இப்போது மூணு, இப்போது ரெண்டு என்று
என் இடது கால் சும்மா தரையை மிதித்தது.

அவன் இன்னும் லைனில் இருந்தான்.
“வண்டி எப்படிப் போவுது?”
“மூணுல போவுது.”
“நாலு?”
“ஐப்பசிக்குப் பொறவு.”
சிரித்தானா, இருமினானா தெரியவில்லை.
காற்று பாதியைத் தின்றுவிட்டது.

மற்றதையும் நிறுத்திவிட்டுத் திரும்புகையில்
காற்று முதுகில்.
கேட்காமலே நாலு விழுந்தது.
ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமல்
நாற்பத்தைந்து, ஐம்பது,
ஐம்பத்தெட்டு.
உள்ளே வாஷர் இருப்பது
வண்டிக்கே மறந்துபோயிருந்தது.
இருபுறமும் அசையாத காற்றாடிகள்,
ஒன்றாவது தலையைத் திருப்பவில்லை.

விலக்குக்கு நூறு அடி முன்னால்
மூணுக்கு இறங்கினேன்.